இருபத்தொன்றாம் தேதி ஊறப்போட்ட சோளம்

உலகம் அழியப்போகிறது என்ற செய்தி எங்கள் யாஷ்கோப் ஊருக்கு வெளியிலிருந்துதான் வந்து சேர்ந்தது. அதைச் சொன்னவர்கள் நாங்கள்தானாம். மாயா முன்னோர்கள் கல்லில் நாள்கணக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம், அந்தக் கணக்கு இரண்டாயிரத்துப் பன்னிரண்டு டிசம்பர் இருபத்தொன்றோடு முடிகிறதாம். என் அப்பா மாயா, அவருடைய அப்பாவும் மாயா. அவர்கள் எனக்குச் சொல்லிவிட்டுப் போனது சோளத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு போடுவது, எந்தக் காட்டுப்பக்கம் தேனடை கிடைக்கும் என்பதெல்லாம்தான். உலகம் முடிகிற மாதிரி ஒரு பெரிய சங்கதி தெரிந்திருந்தால், என் அப்பாவுக்கு இருந்த வாய்க்கு, நாலு ஊருக்குச் சொல்லாமல் அவர் கண்ணை மூடியிருக்க மாட்டார்.

என்னுடையது மாவு மில். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, அப்படியே ராத்திரி முழுக்க ஊறவிட்டு, விடிந்ததும் தோல் போகக் கழுவி, வாளியில் எடுத்துக்கொண்டு பெண்கள் வந்துவிடுவார்கள். என் மில்லில் இரண்டு கல். அவற்றுக்கு நடுவே போய் வெளியே வரும் ஈர மாவைத் துணி போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுபோய் ரொட்டி தட்டுவார்கள். கல் மழுங்கினால் உளி வைத்துக் கொத்த வேண்டும். கல் மழுங்கினால்தான் கொத்தல், பெண்கள் வாய் மட்டும் மழுங்குவதே இல்லை என்று சொல்லி என் மனைவி நிதெல்வியாவிடம் ஒருமுறை அகப்பையால் அடி வாங்கியிருக்கிறேன். ஊரில் நடக்கிற எதுவும் அந்த வரிசையில் அரைபடாமல் போகாது.

டிசம்பர் முதல் வாரம் வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கியது. மில்லுக்குள் வெதுவெதுப்பு இருந்ததால் மாவு வாங்கிய பெண்களும் போகாமல் சுவரோரம் நின்றார்கள். எங்கள் பக்கம் மரியாதைக்கு ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோன்யா என்றும் கூப்பிடுவோம். தோன்யா பாஸ்தோரா, பேச்சு என்றால் பசி தெரியாதவள், முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எங்க அக்கா மவன் கடற்கரை ஓட்டல்ல தட்டு தூக்குறான்ல, அவன் சொல்றான். இருபத்தொண்ணாந்தேதிக்கு ஒரு ரூம் காலி இல்லையாம். வெள்ளைக்காரங்க எல்லாம் நம்ம பக்கம் வந்து சாகணும்னு காசு கட்டி வர்றாங்களாம்."

"சாகுறவனுக்கு எதுக்கு காலை டிபனோட ரூம்?" என்றேன்.

"நீ சிரி, தோன் பெலிசியானோ. ஒரு கிரகம் வருது, நம்ம பூமியை முட்டப்போவுது. சூரியனுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குதாம்."

"அவ்வளவு பெரிசு ஒளிஞ்சு நிக்கிறது உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? உன் புருஷன் சாராயக்கடைக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறதையே நீ இன்னும் கண்டுபிடிக்கலை."

எல்லோரும் சிரித்தார்கள். வரிசையின் கடைசியில், கைக்குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி நின்ற நெல்சி மட்டும் சிரிக்கவில்லை.

"ஒளிஞ்செல்லாம் நிக்கல, தோன்யா," என்றாள். "வெளிய வந்தாச்சு. நான் பாத்தேன். கிலுக்குக்குக் கீழ நிக்குது. போன வருஷம் அது அங்க இல்ல."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கிலுக்கு என்று நாங்கள் சொல்வது கார்த்திகை நட்சத்திரக் கொத்தை. கிலுக்குப் பாம்பின் வால்நுனி மாதிரி இருக்கும். அது மேற்கே மறைவதைப் பார்த்துத்தான் விதைக்குழி குத்தும் கம்பைச் சீவுவோம். அதன் அக்கம்பக்கம் எங்களுக்குச் சொந்தத் தெரு மாதிரி. அந்த டிசம்பரில் கிலுக்குக்குக் கீழே ஒரு தடித்த வெள்ளை நட்சத்திரம், பொழுது சாய்ந்ததும் கிழக்கே பளிச்சென்று நின்றது. போன வருஷம் அந்த இடத்தில் அது இல்லை. எனக்கும் தெரியும், அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். டிவி பார்த்துப் பயந்த பயம் என்றால் கேலி செய்து விரட்டிவிடலாம். இது கண்ணால் பார்த்தது. ஓட்டலில் வந்து இறங்கியவர்களுக்கு இந்தப் பயம் வர வழியே இல்லை, அவர்களுக்குக் கிலுக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாது.

நெல்சியின் வீடு மில்லுக்கு எதிரே. அவள் புருஷன் வில்பெர்த் கடற்கரையில் கொத்தனார் வேலைக்குப் போய்விட்டு எப்போதாவதுதான் வருவான். செப்டம்பர் கடைசியில், சான் மிகேல் பண்டிகையன்று பிறந்த பெண்குழந்தை யாமிலே. அதற்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, இரண்டு மாதம் இருந்து, காய்ச்சலில் போய்விட்டான். அந்தப் பையனைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் பிறந்த குழந்தையைக் கையில் படுக்கவைத்துத்தான் தூக்குவோம். பெண்குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், அடுப்புக்கு மூன்று கல் என்பதால் அந்தக் கணக்கு, ஞானத்தாய் வந்து முதல்முறையாக இடுப்பில் உட்காரவைத்துத் தூக்கி மேசையைச் சுற்றி வருவாள். ஹெட்ஸ்மெக் என்று பெயர். அதற்கு முன்னால் இடுப்பில் ஏற்றினால் கால் வளையும் என்பார்கள். அந்தச் சடங்குக்குப் பிறகுதான் அது ஒரு ஆளாகக் கணக்கு. கோழியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்து நெல்சியும் வில்பெர்த்தும் ஞானப்பெற்றோராக நிற்கச் சொல்லி எங்களைக் கேட்டிருந்தார்கள், நாங்களும் ஒப்புக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து நிதெல்வியா அவளுக்குக் கொமாத்ரே, நான் கொம்பாத்ரே. வயதில் மகள் மாதிரி இருந்தாலும் அதுதான் முறை.

மில்லில் பேசியதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, நெல்சி எங்கள் சமையல்கட்டுக்கு வந்தாள். நிதெல்வியா பன்றிக்கறி போட்டு அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பசி அழுகை. நெல்சி மார்பில் வைத்தாள், அது நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி அழுதது.

"பால் இல்லையா?" என்று கேட்டாள் நிதெல்வியா.

"குறைஞ்சுபோச்சு, கொமாத்ரே. சுகாதார நிலையத்துல எடை பாத்தாங்க. இறங்கியிருக்குன்னாங்க. டப்பாப் பால் குடுத்தாங்க, துப்பிடுறா."

"நீ என்ன சாப்பிட்டே இன்னிக்கு?"

"பசிக்கல."

"நேத்து?"

நிதெல்வியா ஒரு கிண்ணத்தில் அவரையை ஊற்றி முன்னால் வைத்தாள். நெல்சி அதைத் தொடவில்லை.

"கொமாத்ரே, வர்ற ஞாயித்துக்கிழமை யாமிலேய இடுப்புல ஏத்திடுங்க."

"இன்னும் மூணு மாசம் ஆகலையே, பொண்ணே. இருபத்தொன்பதாந்தேதிதான ஆகுது?"

"ஆகாது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். நான்தான் தினம் சாயங்காலம் பாக்குறேனே. முந்தாநாள் பாத்ததுக்கு நேத்து மேல ஏறி நிக்குது. நேத்துக்கு இன்னிக்கு இன்னும் மேல வரும்." குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மூத்தவன் கையிலயே போயிட்டான். படுத்த படுக்கையாவே கூரையப் பாத்துக்கிட்டே போனான். இவளாவது ஒரு தடவை நிமிந்து உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டுப் போகட்டும்."

நிதெல்வியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போகட்டும்னு என் அடுப்படியில நின்னு சொல்லாதே. இருபத்தொன்பதாந்தேதி ஏத்துவேன். அதுக்கு ஒரு நாள் முன்னால கூட மாட்டேன்."

நெல்சி எழுந்து போய்விட்டாள். அவரைக் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"அடியே, கல்லா உன் மனசு? மேசையைச் சுத்தி நாலு சுத்து வந்தா என்ன குடி முழுகிப்போச்சு? அந்தப் பொண்ணு மனசு ஆறும்ல?"

"ஆறுமா? யோசிச்சுப் பாருய்யா. ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பிள்ளையத் தூக்கினா அவளுக்கு என்ன தெரியும்? நிதெல்வியாவும் நம்பிட்டான்னு தெரியும். இந்த ஊர்ல இருபத்தொன்பதாந்தேதின்னு ஒண்ணு இருக்குன்னு அவகிட்ட சொல்லிக்கிட்டிருக்கிறது நான் ஒருத்திதான். நானும் சாஞ்சுட்டேன்னா இருக்கிற பாலும் வத்திரும்."

அவள் சொன்னதுதான் சரி. முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் இது புதிது இல்லை.

"பயம்தான் அந்தப் பிள்ளையக் கொல்லப்போவுது, நட்சத்திரம் இல்ல," என்றாள். "நீ சும்மா நிக்காம ராமோன் இலை ஒரு கட்டு வெட்டிட்டு வா. மாட்டுக்குப் பால் ஊறுதுன்னா மனுஷிக்கும் ஊறும். அப்படியே வாத்தியாரையும் கூட்டிட்டு வா. அவரு படிப்பு பிள்ளைங்களுக்கு மட்டுமா?"

வாத்தியார் கௌதென்சியோ நல்ல மனிதர். பருத்த உடம்பு, பழைய மோட்டார் சைக்கிள், சாப்பாடு என்றால் எந்த வீட்டுக்கும் வருவார். மெரிதா நகரத்தில் படித்தவர். கோழி ரசம் இருக்கிறது என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன், பொய் இல்லை, நிதெல்வியா வைத்திருந்தாள். நெல்சி வீட்டுக் கொல்லையில் பொழுது சாய நின்றோம். மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கிழக்கே கிலுக்கு. அதற்குக் கீழே அந்த வெள்ளை நட்சத்திரம், கண் சிமிட்டாமல்.

"இதுதானே?" என்றார் வாத்தியார். "இது வியாழன், நெல்சி. சூரியனைச் சுத்துற கிரகம். நம்மளை முட்ட வரல, அது பாட்டுக்கு அது ரோட்டுல போகுது."

"தினம் மேல ஏறுதே, மாஸ்டர்."

"கிலுக்கும்தானே கூட ஏறுது? அதுவுமா முட்ட வருது? டிசம்பர்ல தினம் கொஞ்சம் முன்னாடியே உதிக்கும், அதனால இதே நேரத்துக்கு உசரமாத் தெரியும். முட்ட வர்ற மாடு கிட்ட வர வரப் பெரிசாத் தெரியும்ல? ரெண்டு வாரத்துல முட்டப்போற கிரகம்னா இந்நேரம் நிலாவைவிடப் பெரிசா தலைக்கு மேல தொங்கணும். பகல்லயே தெரியும். யாரும் மறைக்க முடியாது."

"சரி, அந்தக் கல்லுக் கணக்கு?"

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "தோன் பெலிசியானோ, உங்க மில்லு கரண்ட் மீட்டர் ஒரு தடவை எல்லாம் ஒன்பதா வந்து, அப்புறம் எல்லாம் பூஜ்யமாச்சே, என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? பில்லு வராதுன்னு சந்தோஷப்பட்டு நாலு பேருக்குக் குளிர்பானம் வாங்கிக் குடுத்தேன். மறு மாசம் பில்லு வழக்கம்போல வந்துச்சு."

"அவ்வளவுதான். நம்ம பழைய ஆளுங்க பெரிய மீட்டர் ஒண்ணு வெச்சிருந்தாங்க. அது சுத்தி முடிஞ்சு மறுபடி தொடங்குது. அவங்க கல்லுல அதுக்கு அப்புறம் வர்ற தேதியும் எழுதியிருக்காங்க. அழிஞ்சுபோற உலகத்துக்கு எவனாவது தேதி எழுதுவானா?"

"சூரியன் ஏதோ நடுவுல போய் நிக்குமாமே?"

"பால்வீதிக்கு நடுவுல. வருஷா வருஷம் டிசம்பர்ல அந்தப் பக்கமாத்தான் போகுது. நீ பிறந்த நாள்லருந்து போயிக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு வருஷமாவது உனக்குத் தெரிஞ்சுதா?"

நெல்சி குழந்தையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அது முனகியது.

"மாஸ்டர், நீங்க படிச்சவரு, இப்படிச் சொல்றீங்க. டிவியில பேசுறவங்களும் கோட்டுப் போட்ட படிச்சவங்கதான், அவங்க அப்படிச் சொல்றாங்க. நான் யார நம்புறது? போன வருஷம் அங்க இல்லாதது இந்த வருஷம் எப்படி வந்துச்சு?"

"அது வருஷத்துக்கு ஒரு வீடு மாறும். பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கிலுக்குப் பக்கம் வந்துட்டுப் போகும்."

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால வந்ததை யாரு பாத்தா?"

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நியாயமான கேள்விதான். அதற்குள் தட்டில் ரசத்தோடு வாசலில் நின்ற நிதெல்வியா சொன்னாள்:

"நான் பாத்தேன்."

"நீயா? எப்போ?" என்றேன்.

"மில்லு வந்த வருஷம். மெஷின் ஏத்தின லாரி வரும்னு நீயும் நானும் கூட்டுரோட்டுல நின்னோமே, மறந்துட்டியா? மத்தியானம் வர்றேன்னவன் பொழுது சாஞ்சும் வரல. நீ கல்லுமேல உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தே, நான் மேல பாத்தேன். கிலுக்குப் பக்கத்துல நின்னுச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு நல்ல தடிச்சது, இன்னொண்ணு கொஞ்சம் மங்கல், மஞ்சளா. உன்கிட்ட காட்டினேன். லாரியக் காட்டுடின்னு எரிஞ்சு விழுந்தே."

எரிந்து விழுந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நட்சத்திரம் வரவில்லை.

வாத்தியார் மட்டும் துள்ளினார். அந்த உடம்போடு அவர் துள்ளி நான் பார்த்தது அன்றுதான்.

"ரெண்டா? தோன்யா, ரெண்டுன்னு நிச்சயமாத் தெரியுமா? மங்கலானது மஞ்சளா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, மாஸ்டர்."

"நெல்சி, கேளு! அது சனி! ரெண்டாயிரமாவது வருஷக் கடைசி. நான் அப்போ மெரிதாவுல படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க வாத்தியார் எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டையும் காட்டினாரு, வியாழனும் சனியும் கிலுக்குப் பக்கத்துல ஜோடியா. சனி மெதுவா நடக்கிறவன், இந்தத் தடவை கூட வரல. நான் இன்னிக்கு சனியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினேனா? பேசலையே! தோன்யா தானாச் சொல்றாங்க!"

நெல்சி அவரையும் நிதெல்வியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்திருக்க முடியாது என்பது அவளுக்கே தெரியும். வாத்தியார் வந்ததிலிருந்து அவள் கண்முன்தான் நிற்கிறார்.

"அப்புறம் என்ன ஆச்சு, கொமாத்ரே?" சின்னப்பிள்ளை கதை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"என்ன ஆகும்? லாரி வந்துச்சு. மில்லு வந்துச்சு. அந்த வருஷமும் உலகம் அழியும்னுதான் சொன்னாங்க, ரெண்டாயிரம் பிறந்தா எல்லாம் முடிஞ்சிரும்னு. முடிஞ்சிருந்தா இத்தனை வருஷமா இந்த ஆளோட நான் ஏன் மாரடிக்கிறேன்? நீ அப்போ பன்னெண்டு வயசுப் பொண்ணு. உங்கம்மா வாளிய உன் தலையில வெச்சு மில்லுக்கு அனுப்புவா. வழியிலயே பாதி சோளத்தத் தின்னுட்டு வருவே."

நெல்சி சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

"அப்போ என் பையன் எதனால போனான்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை நாளும் அவள் எந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று. ஒரு குழந்தை காரணமே இல்லாமல் போய்விட்டால், உலகமே அப்படித்தான் போகும் என்று மனம் நினைத்துக்கொள்ளும் போல. நிதெல்வியா தட்டை என் கையில் திணித்துவிட்டு அவள் அருகே போனாள்.

"காய்ச்சல்ல போனான், மகளே. மேலருந்து யாரும் வந்து எடுத்துட்டுப் போகல. நீ எதையும் பாக்காம விடவும் இல்ல. காய்ச்சல்."

நெல்சி அழுதாள். அந்தப் பையனைப் புதைத்த அன்று கூட அவள் அப்படி அழவில்லை என்று நிதெல்வியா பிறகு சொன்னாள். நிதெல்வியா குழந்தையை வாங்கித் தன் கையில் படுக்கவைத்துக்கொண்டாள். நானும் வாத்தியாரும் என்ன செய்வதென்று தெரியாமல் வேலிப்பக்கம் போய் நின்றோம். வாத்தியார் மூக்கைச் சிந்தினார். குளிர் என்றார். அழுது முடித்து நெல்சி ரசத்தைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் குடித்தாள். இரண்டாவது தட்டும் குடித்தாள். வாத்தியாருக்கு வைத்திருந்தது அது.

பால் மறுநாளே ஊறிவிடவில்லை. ராமோன் இலைத் தண்ணீர், சோளக்கஞ்சி, கோழி என்று நிதெல்வியா விடாமல் ஊட்டினாள். மில் ஓடுகிற சத்தத்தையும் மீறி எதிர்வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அழுகை ஒருநாள் கேட்கவில்லை. நான் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். நின்றுதான் போயிருந்தது. வரிசையில் இருந்தவர்கள் கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தார்கள்.

ஆனாலும் அவள் முழுக்க நம்பிவிட்டாளா என்று எனக்குச் சந்தேகம்தான். பயம் விருந்தாளி மாதிரி, போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்கும். இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. பகல் எல்லா நாளையும் போலத்தான் போனது. மேகமூட்டம், நடுநடுவே வெயில். டிவியில் பழைய கோயில் படிகளில் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் தேவாலயத் திண்டில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் எதிர்க்கடை டிவியில் அதைப் பார்த்து, அந்த வெயிலில் தலையில் துண்டு கூடப் போடாமல் நிற்கிறார்களே என்று கவலைப்பட்டார்கள்.

எனக்கு அன்று வேறு கவலை. நாளைக்கு ரொட்டி வேண்டுமென்றால் இன்று சாயங்காலம் சோளம் வேகவைத்து ஊறப்போட வேண்டும். வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், நாளை என்று ஒன்று இருப்பதாக யார் நம்புகிறார்கள் என்பது அடுப்பில் தெரிந்துவிடும். பொழுது சாயும்போது தெருவில் ஒரு நடை போய்வந்தேன். சுண்ணாம்புத் தண்ணீரில் சோளம் கொதிக்கிற வாசம் வீட்டுக்கு வீடு வந்தது. எதிர்வீட்டைத் தாண்டும்போது மெதுவாக நடந்தேன். அடுப்பு அணைந்திருந்தது. புகை இல்லை, வாசமும் இல்லை. கதவைத் தட்டலாமா என்று நின்றுவிட்டு வந்துவிட்டேன். நிதெல்வியாவிடம் சொன்னேன். அவள் எங்கள் சோளத்தில் இன்னும் நாலு கை அள்ளிப் போட்டாள்.

விடிந்தது. மோட்டாரைப் போட்டேன். முதல் ஆள், இரண்டாவது ஆள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், ஏதோ திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொள்ளாமல் தப்பிய மாதிரி. நெல்சி வரவில்லை. கல்லுக்குள் கையை விட்டுவிடுவேனோ என்று பயந்து, வாசலைப் பார்ப்பதை நிறுத்தினேன்.

"கொம்பாத்ரே, இது கொஞ்சம் நைசா அரைங்க."

இரண்டு வாளி. இரண்டும் நிறையக் கழுவின சோளம், தோல் போய் வெள்ளையாக, கொழுகொழுவென்று. நெஞ்சில் கட்டிய துணிக்குள் குழந்தை தூங்கியது.

"நேத்து சாயங்காலம் உன் வீட்டு அடுப்பு எரியலையே?" கேட்டுவிட்டேன்.

"உளவு பாத்தீங்களா? மத்தியானமே வேகவெச்சு எறக்கிட்டேன். பிள்ளை தூங்கினப்பவே வேலைய முடிக்கணும்ல."

"ரெண்டு வாளி எதுக்கு?"

"பசிக்குது, கொம்பாத்ரே. இப்போ எல்லாம் ரொம்பப் பசிக்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டே, மாவு பறந்து கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். ஈர மாவு பறக்காது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

வரிசை கலையும் நேரத்தில் பாஸ்தோரா வந்தாள். வெறும் கை.

"என்ன தோன்யா, வாளி எங்கே?"

"ஊறப்போட மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்னா மறந்துட்டேன்! மனுஷிக்கு மறதி வரக்கூடாதா? அந்த ஆளு வேற ரொட்டி எங்கேன்னு குதிக்கிறாரு. யாராவது ஒரு உருண்டை மாவு குடுங்க, நாளைக்குத் திருப்பித் தர்றேன்."

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். நெல்சியும் சிரித்தாள். தன் மாவில் நல்ல பெரிய உருண்டையாகப் பிய்த்துப் பாஸ்தோராவின் முக்காட்டு நுனியில் போட்டாள். "நாளைக்கே குடுத்துடுங்க தோன்யா," என்றாள், "நாளன்னிக்கு எல்லாம் காத்திருக்க முடியாது." பாஸ்தோராவும் சிரித்துவிட்டாள். வேறு என்ன செய்வாள்?

இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, வில்பெர்த் வந்திருந்தான். மேசையில் வறுத்த சோளமாவு, வேகவைத்த முட்டை, பூசணி விதை, ஒரு பென்சில், ஊசி நூல், கரண்டி எல்லாம் பரப்பியிருந்தார்கள். நிதெல்வியா புதுப் பூப்போட்ட உடுப்பில் வந்து, குழந்தையை வாங்கி, இரண்டு காலையும் பிரித்து இடது இடுப்பில் உட்காரவைத்தாள். யாமிலே ஒரு கணம் திகைத்தது. அதுவரை கூரையையும் வானத்தையும் மட்டும் பார்த்திருந்த பிள்ளை, முதல்முறையாக எங்கள் முகத்துக்கு நேராகப் பார்த்தது. பிடித்திருந்தது போலும், காலை உதைத்தது. நிதெல்வியா மேசையைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொருளை அதன் கையில் வைத்து, இது எழுதுவதற்கு, இது தைப்பதற்கு என்று காதில் சொன்னாள். பென்சிலைத் தூக்கி எறிந்தது. கரண்டியை விடவே இல்லை. வாத்தியார் கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு கருக்கிய மிளகாய் போட்ட வான்கோழிக் குழம்பு வந்ததும் தேறிவிட்டார். நானும் என் பங்குக்கு ஒரு சுற்று தூக்கினேன். சட்டையை நனைத்துவிட்டது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து, வில்பெர்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நெல்சி என் எதிரே வந்து நின்றாள்.

"கொம்பாத்ரே, ஒண்ணு கேக்கணும். இல்லேன்னு சொல்லக்கூடாது."

"கேளேன்."

"இவளுக்குப் பதினஞ்சு வயசு ஆகும்போது விழாவுக்கும் நீங்க ரெண்டு பேரும்தான் நிக்கணும். வேற யாரையும் கேக்க மாட்டேன். பேண்டு வாத்தியம் உங்க பொறுப்பு, கவுனு கொமாத்ரே பொறுப்பு."

எங்கள் ஊரில் பெண்ணுக்குப் பதினைந்து முடிகிற விழா கல்யாணத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அதற்கு நிற்கிறவன் மில்லையே விற்க வேண்டியிருக்கும். விரலை மடக்கிப் பார்த்தேன்.

"ஏம்மா, அப்போ எனக்கு எழுபது ஆயிடும். அது வரைக்கும் நான் இருப்பேனோ மாட்டேனோ."

"இருப்பீங்க," என்றாள், சண்டைக்கு நிற்கிற மாதிரி. "இருக்கணும். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் வயசாயிடுச்சு, முட்டி வலிக்குதுன்னு சாக்கு சொல்லக்கூடாது."

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் எண்ண முடியாமல் நின்ற பெண் இவள். சரி என்றேன். வேறு எந்தக் கடனுக்கும் நான் இவ்வளவு சந்தோஷமாகத் தலையாட்டியதில்லை. நிதெல்வியா குழந்தையை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள்:

"கவுனு என்ன கலர்ல எடுக்கணும், இப்பவே சொல்லிடு."

நெல்சி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"அத நான் எப்படி சொல்றது, கொமாத்ரே? அவ சொல்லுவா."